மிளகின் தங்கச்சி

பிப்ரவரி 4

ஆராய்ச்சியாளர் அம்மையாருக்கு,

இப்படி அழைப்பதுதான் உனக்குப் பொருத்தம். என் சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, "அண்ணி, இன்னொரு டீ" என்று கேட்ட பெண்ணுக்கு நான் எழுதவில்லை. குடும்ப நீதிமன்றத்தில் எனக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவளுக்கு எழுதுகிறேன்.

நேற்று என் வக்கீல் ஒரு தாளை நீட்டினார். "இது யாரும்மா, உங்க வீட்டுக்காரரோட தங்கச்சியா?" என்றார். வாங்கிப் படித்தேன். இரண்டாம் பத்தி: 'பதிவு செய்யப்பட்ட நேரங்களில் தாய் குழந்தையிடம் பேசியது, இதே வயதுக் குழந்தைகளின் தாய்மார் பேசுவதில் மூன்றில் ஒரு பங்கு.' அதற்கும் கீழே: 'குழந்தையின் பேச்சைப் பற்றித் தாய் தரும் தகவல்கள் நம்பத்தக்கவை அல்ல.' அடியில் உன் கையெழுத்து, உன் பட்டம், உன் ஆய்வுக்கூடத்து முத்திரை. படித்து முடித்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. வக்கீல் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எழுதியிருப்பது உண்மைதான் போலிருக்கிறது என்று அவர் நினைத்திருப்பார்.

உனக்கு மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். அப்போது என் மகள் மிளகுக்கு ஒன்றேகால் வயது. நீ ஒரு நீலச் சட்டையோடு வந்தாய். கையில்லாத சின்னச் சட்டை, நெஞ்சில் ஒரு பை, அதற்குள் தீப்பெட்டி அளவு ரெக்கார்டர். "பந்து, பூனைன்னு பேர் சொல்லக் குழந்தைங்க சீக்கிரம் கத்துக்குதுங்க அண்ணி. ஆனா எடு, கொடு, ஓடுன்னு வினைச்சொல்லை எப்படிப் பிடிக்குதுங்கன்னு யாருக்குமே சரியாத் தெரியல. நம்ம மிளகு காதுல விழறதை எல்லாம் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமுக்குக் கொடுப்போம். அதுவும் இவளோட சேர்ந்து கத்துக்கட்டும். இவளுக்கு ஒரு தங்கச்சி பொறந்த மாதிரி" என்றாய். தேனொழுகப் பேசினாய். நானும் இளித்துக்கொண்டு நீ காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

மிளகு யாரிடம் வளர வேண்டும் என்று ஏப்ரலில் தீர்ப்பு. இப்போதைக்கு அவள் என்னோடு, சலவைக்கடை மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறாள். உன் தாளைக் காட்டி உன் அண்ணன் அவளைக் கேட்கிறார். பிள்ளையிடம் பேசாத அம்மாவிடம் பிள்ளை எதற்கு என்று கேட்கிறார்.

அந்தத் தாளைத் திரும்பப் பெறு. எங்கள் வீட்டுப் பதிவு மொத்தத்தையும் அழி. போன் செய்யாதே, உன் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன். இனி என் குரலை உன்னுடைய எந்த மிஷினிலும் விழவிட மாட்டேன். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். வீட்டை விட்டு வந்தபோது மிளகின் துணிமூட்டையோடு உன் நீலச் சட்டையும் ரெக்கார்டரும் வந்துவிட்டன. திருப்பித் தர மாட்டேன்.

மிளகின் அம்மா


பிப்ரவரி 11

அண்ணிக்கு,

நீங்கள் என்னை எப்படி அழைத்தாலும் நான் அண்ணி என்றுதான் எழுதுவேன். எங்கள் வளர்ப்பு அப்படி.

அது யாருக்கும் எதிராகக் கொடுத்த தாள் இல்லை. அண்ணன் கேட்டான். "பதிவுல என்ன இருக்கோ அதை எழுதிக் குடு. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்" என்றான். எழுதிக் கொடுத்தேன். எண்ணுக்கு அண்ணனையும் தெரியாது, அண்ணியையும் தெரியாது.

என் வேலையைப் பற்றி உங்கள் வக்கீலிடம் தப்பும் தவறுமாகச் சொல்லிவைக்காதீர்கள் என்பதற்காக எழுதுகிறேன். வினைச்சொல் கடினமானது. பந்தைக் காட்டி 'பந்து' என்றால் முடிந்தது. ஆனால் 'கொடு' என்று நாம் சொல்லும்போது கொடுப்பது இன்னும் நடந்திருக்காது. பல நேரம் நடக்கவே நடக்காது. அப்படியிருந்தும் குழந்தை பிடித்துக்கொள்கிறது. தங்கச்சி, அதாவது எங்கள் புரோகிராம், மிளகு கேட்டதைக் கேட்டு, அந்த நேரத்தில் யார் இருந்தார்கள், என்ன செய்தார்கள் என்ற குறிப்பையும் சேர்த்து, எந்தச் சொல் எந்தச் செயலுக்கு என்று ஊகிக்கும். ஊகம் தப்பினால் திருத்திக்கொள்ளும். இதில் குழந்தையிடம் பேசியது மட்டும்தான் எங்களுக்கு வேண்டும். பெரியவர்கள் தங்களுக்குள் பேசுவது, டிவி, மிக்ஸி எல்லாவற்றையும் மிஷினே பிரித்துக் 'கழிவு' என்று ஒரு ஃபோல்டரில் தள்ளிவிடும். இந்த ஏற்பாட்டைச் செய்தது நான். எங்கள் துறையில் பலரும் இப்படித்தான் செய்கிறார்கள்.

மிளகு கற்ற வினைச்சொற்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் தங்கச்சியும் கற்றது. ஒன்று மட்டும் இடித்தது. மாதா மாதம் உங்களுக்கு நான் தந்த சொல் பட்டியலின் அடியில், நான் கேட்காமலே, 'பேசாத – பொம்மையிடம் சொல்கிறாள்' என்று உங்கள் கையால் எழுதியிருந்தீர்கள். தேடிப் பார்த்தோம். மிளகிடம் யாரும் ஒரு தடவைகூட அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. கேட்காத சொல் குழந்தை வாயில் எப்படி வரும்? உங்கள் காதில் தப்பாக விழுந்திருக்க வேண்டும், அல்லது வேண்டுமென்றே எழுதியிருக்க வேண்டும். அப்போதுதான் நீங்கள் அண்ணனோடு மல்லுக்கு நிற்க ஆரம்பித்திருந்தீர்கள். எனக்கும் கொஞ்சம் புத்தி உண்டு. அந்தச் சொல்லை அடித்தேன். 'நம்பத்தக்கவை அல்ல' என்று எழுதியது அதனால்தான்.

சட்டையும் ரெக்கார்டரும் ஆய்வுக்கூடத்தின் சொத்து. அனுப்பிவையுங்கள்.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 17

எண்ணுக்கு யாரையும் தெரியாதாம். அடேயப்பா! எண்ணுக்குத் தெரியாவிட்டால் போகட்டும், எண்ணுகிறவளுக்காவது தெரிய வேண்டாமா?

ரெக்கார்டரைச் சார்ஜ் போட்டது யார்? சுவிட்சைப் போட்டது யார்? உன் அண்ணன். "அண்ணி பல் கட்டுறவங்க, மிஷின் எல்லாம் அவங்களுக்குச் சரிப்படாது" என்று சிரித்துக்கொண்டே அவர் கையில் கொடுத்தாய். நான் பல் லேபில் நாள் முழுக்க மிஷினோடுதான் மாரடிக்கிறேன், அது உனக்குக் கண்ணில் படவில்லை. அவர் வீட்டிலிருந்து வேலை செய்த நாட்களில் மட்டும் மிளகுக்குச் சட்டையை மாட்டினார். அவர் ஆபீஸ் போன நாட்களில் சட்டை ஆணியில் தொங்கியது. நானும் மிளகும் தனியாக இருந்த ஒரு மணி நேரம்கூட உன்னிடம் இல்லை. காப்பகத்திலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு வரும் வழியில் எங்கள் வாய் மூடாது. பஸ் போகுது பாரு, அந்த மாமா குனியறாரு பாரு, நாய் சொறியுது பாரு என்று நான் பேசுவதைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி, "உங்களுக்குத் தொண்டை வத்தாதா?" என்று கேட்டிருக்கிறாள்.

சரி, அவர் இருந்த நேரத்தில் நான் ஏன் பேசவில்லை? கேள்.

ஒரு புதன்கிழமை. கீழ்ப்பல் எல்லாம் போன ஒரு பெரியவருக்குப் பல் செட் கட்டியிருந்தேன். அச்சு எடுத்து எடுத்துப் பார்த்தும் உட்காராமல் மக்கர் பண்ணியது, அன்றைக்கு 'டக்'கென்று உட்கார்ந்தது. மனுஷர் அங்கேயே ஒரு ஆப்பிளைக் கடித்துக் காட்டினார். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். "இன்னைக்கு லேப்ல ஒருத்தர்…"

"பேசாத."

அவ்வளவுதான். கத்தவில்லை. கம்ப்யூட்டரிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை. லைட்டை அணைக்கிற மாதிரி சொன்னார். நான் மிளகு பக்கம் திரும்பி, "அந்தத் தாத்தா ஆப்பிளைக் கடிச்சாரு தெரியுமா" என்று ஆரம்பித்தேன். "குழந்தைகிட்டயும் தொணதொணக்காத. பேசாத கொஞ்சம்" என்றார். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை. அவர் என்னை அடித்ததில்லை, ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. அதனால் யாரிடம் சொன்னாலும், "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்றுதான் கேட்கிறார்கள். என் அம்மாவே கேட்டாள்.

அன்றைக்கு மிளகு தரையில் உட்கார்ந்து கரடி பொம்மையை மடியில் போட்டாள். அதன் வாய்மேல் கையை வைத்தாள். வேறெங்கோ பார்த்துக்கொண்டு, அவரைப் போலவே மெதுவாக, "பேசாத" என்றாள். கோபமே இல்லை. இவள் வளர்ந்து ஒன்று அப்படிச் சொல்கிறவளாக ஆவாள், இல்லை அதைக் கேட்டு அடங்குகிறவளாக ஆவாள். அந்த வாரமே பையை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பினேன்.

உன் தங்கச்சிக்கு அந்தச் சொல் ஏன் வரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதே. மிளகிடம் யாரும் சொல்லவில்லை. என்னிடம் சொன்னதை அவள் கேட்டாள். நீ குப்பை என்று தள்ளினாயே, அதில்தான் இருக்கிறது. போய்க் கேள்.

மிளகின் அம்மா


பிப்ரவரி 27

அண்ணிக்கு,

கேட்க மாட்டேன். கேட்கவும் முடியாது.

ஒப்புதல் தாளில், 'பெரியவர்கள் தங்களுக்குள் பேசுவதை மனிதர் எவரும் கேட்க மாட்டார்கள்' என்று ஒரு வரி இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கியது யார்? நீங்கள். "எங்க ரெண்டு பேர் பேச்சையும் உன் பசங்க உட்கார்ந்து கேட்பாங்களா?" என்று முகம் சுளித்தீர்கள். உங்களுக்காகத்தான் அந்த வரியைச் சேர்த்தேன். இப்போது உங்களுக்குக் காரியம் ஆக வேண்டும் என்றதும் அதை மீறச் சொல்கிறீர்கள். அண்ணனும் அதே தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அவனிடம் கேட்டேன். "அதுல என்ன இருக்கு, குப்பை. விடு" என்றான்.

நேரம் பற்றி நீங்கள் எழுதியதைச் சரிபார்த்தேன். அது உண்மைதான். எல்லாப் பதிவும் அண்ணன் வீட்டில் இருந்த நாட்களில்தான் நடந்திருக்கிறது. யாராவது ஒருவர் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள வேண்டுமே! முதல் வாரமே சட்டையை ரெக்கார்டரோடு சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்ட புண்ணியவதி யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

நீங்கள் வர்ணிக்கிற மனிதரை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த அண்ணன், நான் கணக்கில் கோட்டை விட்டு அழுதபோது ஒரு விடுமுறை முழுவதும் என் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவன். அம்மா போன அன்று நான் ஒரு வாய் சாப்பிடும்வரை தட்டை ஏந்திக்கொண்டு நின்றவன். அவனைப் பற்றித்தான் இப்படிக் கதை கட்டுகிறீர்கள். 'பேசாத' என்பது ஒரு குற்றமா? எந்த வீட்டில் சொல்வதில்லை? எங்கள் வீட்டில் அப்பா அம்மாவிடம் நாளெல்லாம் சொல்வார். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. அம்மா உங்களைப் போல் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பவும் இல்லை.

தொட்டதற்கெல்லாம் சிணுங்குகிற குணம் உங்களுக்குக் கல்யாணத்தன்றே இருந்தது. அப்போதே நான் அம்மாவிடம் சொன்னேன்.

சட்டையை அனுப்புங்கள்.

நாத்தனார்


மார்ச் 5

உன் கடிதத்தையே இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். ஒரு வரியின் கீழ் மட்டும் சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறேன். உன் அப்பா உன் அம்மாவிடம் சொன்னதாக நீ எழுதிய வரி. நீயே எழுதியதுதானே, நீயே படித்துப் பார்.

ஒப்புதல் விஷயத்தில் நீ சொல்வது நியாயம். அந்த வரியை நான்தான் கேட்டேன். அவர் என்னை அடக்குவதை உன் மாணவர்கள் கேட்டுச் சிரிப்பார்களோ என்ற பயத்தில் கேட்டேன். என் மானத்தைக் காப்பாற்ற நான் போட்ட பூட்டு இப்போது என் தலையிலேயே விழுந்திருக்கிறது.

உன் அண்ணன் குரலை நீ தொட வேண்டாம். ஆனால் என் குரல் என்னுடையது. அதைக் கேட்க நான் சம்மதம் தருகிறேன், இந்தக் கடிதமே அத்தாட்சி. எந்தக் குரல் யாருடையது என்று பிரிக்க உன் மிஷினுக்குத் தெரியும் என்று பீற்றிக்கொண்டாயே. பிரி. அவர் குரலை வெட்டி எறிந்துவிட்டு என்னுடையதை மட்டும் வைத்துக் கேள். நான் என்ன பேசினேன் என்றுகூடப் பார்க்க வேண்டாம். எங்கே நிறுத்துகிறேன் என்று பார்.

ஞாயிற்றுக்கிழமை மிளகு அவரிடம் போய் வந்தாள். திங்கள் முழுவதும் வாயே திறக்கவில்லை. பால் வேண்டுமென்றால் டம்ளரைக் காட்டினாள். செருப்பு வேண்டுமென்றால் காலைக் காட்டினாள். நேற்று என்னைப் பார்த்து ஒரு விரலை உதட்டில் வைத்தாள். ஏப்ரலில் தீர்ப்பு மாறிப்போனால் வாரம் முழுவதும் எனக்கும் அவளுக்கும் திங்கட்கிழமைதான்.

நீ அவளுக்கு அத்தை. அந்த உறவு உன் எண்களில் எந்தப் பத்தியில் வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

மிளகின் அம்மா


மார்ச் 21

அண்ணிக்கு,

கேட்டேன்.

சனிக்கிழமை மாணவர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். உங்களைப் பொய்க்காரி என்று நிரூபித்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போகலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

உங்கள் குரல் மட்டும். மற்றதெல்லாம் வெற்றிடம்.

"இன்னைக்கு லேப்ல ஒருத்தர்…"

"மிளகுக்குக் காய்ச்சல் மாதிரி…"

"இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா…"

"ஒன்னுமில்ல."

"அந்தத் தாத்தா ஆப்பிளைக் கடிச்சாரு தெரி…"

"சரி."

என் புரோகிராம்தான் தப்பாக வெட்டுகிறது என்று முதலில் நினைத்தேன். குரலைப் பிரிக்கும்போது வாக்கியத்தின் வாலையும் சேர்த்து நறுக்கிவிடுகிறது போல என்று, வேறு வீட்டுப் பதிவுகளைப் போட்டுச் சரிபார்த்தேன். அந்த வீடுகளில் வாக்கியங்கள் முழுதாக வந்தன. மறுபடி உங்களுடையதைப் போட்டேன். பாதி, பாதி, பாதி. மிளகிடம் பேச ஆரம்பித்ததுகூடப் பாதிதான். நீங்கள் நிறுத்திய இடத்தில்தான் அது நிற்கிறது.

அதன் பிறகு ஒரு காரியம் செய்தேன். மனிதர் எவரும் கேட்கக் கூடாது என்றுதானே ஒப்புதலில் இருக்கிறது? மிஷின் கேட்கக் கூடாது என்று இல்லை. மழுப்பல்தான், எனக்குத் தெரியும். கழிவு ஃபோல்டர் முழுவதையும் நான் கேட்காமல் அப்படியே தங்கச்சிக்குக் கொடுத்துக் கற்கவிட்டேன். நாங்கள் சோதிக்கிற முறை எளிது. ஒரு காட்சியைச் சொல்லி, இங்கே என்ன வினைச்சொல் வரும் என்று அதைக் கேட்போம். 'அம்மா வாய் திறக்கிறாள், அப்பா அறையில் இருக்கிறார்.' முன்பெல்லாம் இதற்கு 'சாப்பிடு', 'பாடு', 'சொல்லு' என்று எதையாவது உளறும். இந்தத் தடவை தயங்காமல் 'பேசாத' என்றது. அம்மாவுக்குப் பதில் கரடி வாய் திறக்கிறது என்று மாற்றினேன். பேசாத. அப்பாவை எடுத்துவிட்டு, குழந்தை வாய் திறக்கிறது என்று மாற்றினேன். அதற்கும் பேசாத. அதற்குத் தெரிந்த வினைச்சொற்களிலேயே மிக நன்றாகத் தெரிந்தது அதுதான்.

சிவப்புக் கோட்டைப் பற்றி. நான் அந்த வரியை எழுதியபோது என் கை ஒரு நொடிகூட நிற்கவில்லை. அப்பா சொல்வது எங்கள் வீட்டில் மின்விசிறிச் சத்தம் மாதிரி, காதில் விழும், கேட்காது. எது பேச்சு, எது கழிவு என்று மிஷினுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அந்த வீட்டில் வளர்ந்தவள். அம்மா கடைசி வருடங்களில் பேசவே மாட்டாள். "எங்க அம்மா அமைதியான சுபாவம்" என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது அதை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது, கூடவே உங்கள் மேல் ஆத்திரமும் வருகிறது. நீங்கள் சிவப்பு மையைத் தொடாமல் இருந்திருந்தால் அம்மா எனக்கு அமைதியான அம்மாவாகவே இருந்திருப்பாள்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். என் தாளைத் திரும்பப் பெறப் போகிறேன் என்று சொல்ல ஆரம்பித்தேன். பாதிதான் சொன்னேன்.

"நீ பேசாத" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். நான் நிறுத்திவிட்டேன், அண்ணி. இத்தனை படித்து, இத்தனை பேருக்கு முன்னால் நின்று பேசி, அந்த ஒரு சொல்லுக்கு என் வாய் தானாக மூடிக்கொண்டது. சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனை வைத்தேன்.

அதனால் எழுதினேன். நீதிமன்றத்துக்கு நேற்று அனுப்பிவிட்டேன். பதிவுகள் தகப்பன் வீட்டில் இருந்த நேரத்தில் மட்டும் எடுக்கப்பட்டவை. அவற்றை வைத்துத் தாய் எவ்வளவு பேசுகிறாள் என்று சொல்ல முடியாது. அவள் தந்த தகவல் சரி, அதை அடித்தது என் பிழை. இந்த மூன்றும் அதில் இருக்கின்றன. நகல் உங்கள் வக்கீலுக்கும் போயிருக்கிறது.

இதை உங்களுக்காகச் செய்யவில்லை. தப்பான கணக்கு என் பெயரில் நிற்கக் கூடாது, அவ்வளவுதான். உங்களை எனக்கு முன்பும் பிடிக்காது, இப்போதும் பிடிக்கவில்லை. எனக்கு இருந்தது ஒரே அண்ணன். அவன் இனி என்னோடு பேச மாட்டான்.

நாத்தனார்


ஏப்ரல் 17

அண்ணிக்கு,

தீர்ப்பு வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். என்ன ஆயிற்று என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அண்ணன் வீட்டுக் கதவு திறக்கவில்லை.

கொள்முதல் பிரிவில் சட்டையையும் ரெக்கார்டரையும் கேட்டுத் துளைக்கிறார்கள். அதையாவது அனுப்புங்கள்.

நாத்தனார்


ஏப்ரல் 26

மிளகின் அத்தைக்கு,

மிளகு என்னோடுதான் இருக்கிறாள். இனியும் இருப்பாள். உன் அண்ணன் ஞாயிறு மதியம் வந்து, இங்கேயே, என் முன்னால் அவளைப் பார்த்துவிட்டுப் போகலாம். நீதிபதி உன் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துக்கொண்டு நிறைய நேரம் படித்தார். படித்து முடித்துவிட்டு, "நீங்க சொல்லுங்கம்மா" என்று என்னைப் பார்த்தார். சொன்னேன். உன் அண்ணன் இரண்டு தடவை குறுக்கே வந்தார். "அவங்க முடிக்கட்டும்" என்றார் நீதிபதி. கல்யாணமான நாளிலிருந்து உன் அண்ணன் எதிரில் நான் முடித்த முதல் வாக்கியங்கள் அவை.

உன் மார்ச் மாதக் கடிதத்தை வரி வரியாகத் தேடினேன். தங்கச்சி இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, உன் அம்மா இருக்கிறாள், உன் அழுகைகூட இருக்கிறது. மன்னிப்பு என்ற சொல் எங்கும் இல்லை. பெரிய மனசு பண்ணி என் மேல் ஆத்திரப்பட்டிருக்கிறாய், அதற்கு வேண்டுமானால் நன்றி. எனக்கும் உன்னைப் பிடிக்காது. உன் அம்மா விஷயத்தில் மட்டும் எனக்கு வருத்தம் உண்டு. பாவம், கடைசிவரை எத்தனை கதையை வாய்க்குள்ளேயே வைத்திருந்தாளோ!

முதலில் எல்லாவற்றையும் அழி என்றேன். இப்போது வேறு சொல்கிறேன். மிளகு அந்த வீட்டை விட்டு வெளியே வந்துவிட்டாள். உன் தங்கச்சி இன்னும் அந்த வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து, யார் வாய் திறந்தாலும் அடக்கிக்கொண்டிருக்கிறது. பெற்றால் மட்டும் போதாது, வளர்க்கவும் வேண்டும். அதற்கு வேறு பேச்சைக் கேட்கக் கொடு.

எங்கிருந்து கொடுப்பாய் என்று யோசிக்காதே. நீலச் சட்டை இந்தப் பார்சலில் இருக்கிறது, பையில் ரெக்கார்டரும் இருக்கிறது. கவலைப்படாதே, சோப்புத் தண்ணீரில் போடவில்லை. சுவிட்சை நானே போட்டேன், எனக்குச் சரிப்பட்டது. இனி என் குரலை உன் மிஷினில் விழவிட மாட்டேன் என்று எழுதியிருந்தேன். ஒரே ஒரு நாளுக்கு அந்தச் சத்தியத்தை மீறுகிறேன். நேற்று சனிக்கிழமை, காலையில் மிளகு கண் விழித்ததிலிருந்து தூங்கும்வரை இந்தச் சட்டைதான் போட்டிருந்தாள். சலவைக்கடைக்காரர் துணி தேய்ப்பதை, உதறுவதை, மடிப்பதைப் பற்றி அவளும் நானும் பேசியது இருக்கிறது. அந்தப் பெரியவர் ஆப்பிளைக் கடித்த கதை முழுதாக இருக்கிறது, அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். கேட்க ஓர் ஆள் போதாது உனக்கு, உன் மாணவர்கள் எல்லோரையும் உட்காரவை. எல்லோரும் கேட்கலாம், எனக்குச் சம்மதம்.

தூங்கப்போகும் முன் மிளகு கரடியை மடியில் போட்டுக்கொண்டு அதன் வாயிலிருந்து கையை எடுத்தாள். எடுத்துவிட்டு ஒரு சொல் சொன்னாள். பழைய சொல் இல்லை. என்ன சொன்னாள் என்று நான் எழுத மாட்டேன். நான் தரும் தகவல்தான் நம்பத்தக்கது இல்லையே!

எதையும் கழிவில் தள்ளாதே. உட்கார்ந்து எண்ணு.

மிளகின் அம்மா